அவருடைய எழுத்துகள் எனக்கு வேண்டாம்

பின்னேரத்து அஸர் தொழுதுவிட்டு முசல்லா விரிப்பை மடித்து வைத்தேன். அலுமாரிக்குள் உடுப்புகளுக்கு அடியில் இருந்த கையடக்க வானொலியை எடுத்து, சத்தத்தைக் குறைத்து, காதோடு வைத்துக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே மீன்காரரின் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. என் கணவர் நஸார் மௌத்தாகி ஒரு மாதம் ஆகியிருக்கும். நான் இத்தாவில் இருந்தேன்.

இத்தா தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கணவனை இழந்த பெண் நான்கு மாதத்துக்கு மேல் வீட்டோடு இருக்கும் காலம் அது. வெளியே போவதில்லை, அலங்காரம் இல்லை, அந்நிய ஆண்களின் முன் வருவதில்லை. எங்கள் சாய்ந்தமருதில் அதை ஒழுங்காகக் கடைப்பிடிப்போம். எனக்கு அதில் ஒரு குறையும் இருக்கவில்லை. அவரை நினைத்து அழுவதற்கு ஓர் அறையும் சாத்திய கதவும் அப்போது தேவையாகத்தான் இருந்தன.

ஆனால் வானொலி வீட்டுக்குள்தானே இருக்கிறது.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் அமெச்சூர் வானொலி உரிமம் வைத்திருப்பவர்கள் கொஞ்சப் பேர். ஆளாளுக்கு வீட்டில் கேட்கவும் பேசவும் ஒரு கருவி, கூரையில் ஒரு கம்பி. அஸருக்குப் பிறகு எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். மருதமுனையில் ஒருவர், அக்கரைப்பற்றில் இரண்டு பேர், இறக்காமத்தில் வயல் காவலில் இருந்தபடி ஒருவர். யானை இறங்கியதா, கரண்ட் எப்போது போகும், யாருக்கு எந்த நாடு கிடைத்தது என்று கதை போகும். எங்கள் வானொலிக் கழகத்தின் தலைவர் லெத்தீப் சேர். தொலைத்தொடர்பு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது.

அன்றைக்கு லெத்தீப் சேரின் குரல் தழுதழுத்தது.

"வெளிநாட்டுல இருந்தெல்லாம் செய்தி வந்துகிட்டு இரிக்கி. எல்லாரும் ஒரே விஷயத்தத்தான் சொல்றாங்க. நஸார்ட கை மாதிரி ஒரு மோர்ஸ் கைய கேட்டதே இல்லயாம். என்ன கை அது! இனி இந்தக் கரையில அப்படி ஒரு கை வராது."

"உண்மதான் சேர்" என்றார் மருதமுனைக்காரர். மோர்ஸ் என்றால் புள்ளியும் கோடுமாகத் தட்டி அனுப்பும் தந்தி மொழி; குரலைப் போல ஆளுக்கு ஆள் மாறும் தட்டும் விதத்தைத்தான் 'கை' என்போம்.

நான் என் வலது கையைப் பார்த்தேன். அது மடியில் சும்மா கிடந்தது. அத்தனை நாடுகளிலும் இருந்து ஆட்கள் துக்கம் விசாரித்துக்கொண்டிருந்த கை அதுதான்.

அழுகை வரவில்லை. நஸார் போன பிறகு முதல் தடவையாக எனக்குக் கோபம் வந்தது.

அதற்குப் பிறகு லெத்தீப் சேர் சொன்னதுதான் பெரிய கதை. "அவர்ட கோல்சைன சும்மா விடேலா. றமீஸா தங்கச்சிட பேருக்கு மாத்தி எடுப்பம். அவட கோல்சைன் ஒரு பிரயோசனமும் இல்லாமத்தானே கிடக்கு."

"அவ சம்மதிப்பாவா?"

"ஏன் சம்மதிக்காம? புருஷன்ட பேருதானே. சந்தோஷப்படுவா."

எங்கள் ஆட்கள் மட்டுமே விடக்கூடிய பிழை இது. இத்தா வீட்டைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு போகிறவர்கள் அவர்கள். அவ்வளவு மரியாதை. என்னிடம் வந்து கேட்பது ஒழுங்கில்லை என்று, என்னைப் பற்றி எனக்கும் கேட்கும் அலைவரிசையிலேயே கூட்டம் வைத்துப் பேசினார்கள். நான் உரிமம் உள்ள ஆள் என்று தெரிந்திருந்தும், என்னிடமும் ஒரு கருவி இருக்கும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடைசி எழுத்துகள்

கோல்சைன் என்றால் அழைப்புக்குறி. ஆகாயத்தில் நம்முடைய பெயர் அதுதான். தொடக்கத்தில் வரும் எழுத்தும் இலக்கமும் நாட்டுக்கு உரியவை. கடைசியில் வரும் எழுத்துகள்தான் ஆளுக்கு உரியவை. சும்மா விண்ணப்பித்தால் வரிசையில் எது வருகிறதோ அதைத் தருவார்கள். நமக்கு விருப்பமான எழுத்துகள் வேண்டுமென்றால், வேறு யாரிடமும் இல்லாவிட்டால், கேட்டு வாங்கலாம்.

நஸார் கேட்டு வாங்கியவர். எம், ஐ, என். முகம்மது இஸ்மாயில் நஸார். அவருடைய வாப்பாவின் பெயரும் அவருடைய பெயரும் ஒன்றாக.

எனக்கு வரிசையில் வந்ததுதான் கிடைத்தது. அதன் கடைசி எழுத்து கே. மோர்ஸ் பழகியவர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். மோர்ஸில் ஒருவர் பேசி முடித்ததும் கடைசியில் ஒரு கே தட்டுவார். 'நான் முடித்துவிட்டேன், இனி நீங்கள்' என்று அதற்குப் பொருள். அதனால் நான் என் குறியைத் தட்டினால், எதிரில் இருப்பவர் கடைசி எழுத்தை என் பெயரோடு சேர்க்கவே மாட்டார். நான் வாயை மூடிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு அவர் தொடங்கிவிடுவார்.

"அத மாத்தி எடுக்கட்டா?" என்று நஸாரிடம் ஒரு தடவை கேட்டேன்.

"இப்ப என்ன அவசரம் புள்ள? நீங்க என்ட குறியிலதானே வேல செய்றீங்க" என்றார்.

கம்பி வந்த கதை

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு பெண்ணுக்கு. என் வாப்பா எனக்காகக் கட்டிய வீட்டுக்கு நஸார் வந்து இறங்கியபோது, அவருடைய சாமான்களில் ஒரு சூட்கேஸ் முழுக்க வயரும் பழைய வானொலி உறுப்புகளும்தான். அயல் பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ள ரேடியோக் கட வச்சிருந்தவரோ?" என்று உம்மாவிடம் கேட்டார்கள்.

கூரையில் கம்பி ஏறியது யுத்தம் முடிந்த பிறகுதான். அதற்கு முன் அப்படி ஒன்றைக் கட்டினால் வீட்டோடு அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். முடிந்த பிறகும் ஒரு நாள் சீருடையில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். நஸார் கொழும்பில் நின்றார். கம்பி யாருடையது என்று கேட்டார்கள்.

"வீடு என்ட. கம்பி அவர்ட" என்றேன்.

அவர்களுக்குக் குழப்பமாகிவிட்டது. உரிமத்தைக் காட்டினேன், பார்த்தார்கள், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். நஸார் இந்தக் கதையை அலைவரிசையில் பல தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால், அந்த இரண்டு பேரிடம் நான் சரியான பதிலைச் சொல்லவில்லை என்று தோன்றுகிறது.

நஸாருக்கு ஈயம் பற்றவைக்க வரும், கம்பி கட்ட வரும், உப்புக் காற்றில் அரித்துப்போன இணைப்பைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்க வரும். மோர்ஸ் மட்டும் வராது. பயிற்சி ஒலிநாடாவைப் போட்டுவிட்டு ஹோலில் உட்கார்ந்து தலையைச் சொறிவார். நான் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டு கேட்பேன்.

"இது என்ன எழுத்து, சே!"

"எஃப்" என்று அடுப்படியில் இருந்து கத்துவேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு மாசமா அதத்தானே போடுறீங்க!"

எனக்கு அது பாடமாகவே தெரியவில்லை. மோர்ஸில் இருப்பது குறிலும் நெடிலும்தான். ஒரு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி. அந்த இரண்டும் ஓர் ஒழுங்கில் வரும்போது, காதில் விழுந்ததும் எழுத்தாகிவிடும். அவர் புள்ளியையும் கோட்டையும் எண்ணினார். எண்ணுகிறவருக்கு அது பிடிபடாது.

கொஞ்ச நாளில் நானும் பரீட்சை எழுதி உரிமம் எடுத்தேன். அந்த கே கதை அப்படி வந்ததுதான்.

நூறு நாடு

எங்கள் வானொலிக்காரர்களுக்கு ஒரு பைத்தியம் உண்டு. நூறு நாடுகளோடு தொடர்பு கொண்டால் ஒரு சான்றிதழ் கிடைக்கும். நூறும் ஒரே அழைப்புக்குறியில் இருக்க வேண்டும். நஸார் அதன் பின்னால் விழுந்தார்.

தூரத்து நாடுகள் குரலில் சரியாகக் கிடைப்பதில்லை. எங்களுடைய சின்னக் கருவிக்கு மோர்ஸ்தான் வழி. அதனால் பின்னேரங்களில் மோர்ஸ் தட்டும் கீயின் முன்னால் உட்கார்ந்தது நான். தட்டியது நான். இரைச்சலுக்குள் ஊசி மாதிரி கேட்கும் ஒலியைப் பொறுக்கி எடுத்தது நான். பெயர் கேட்டால் 'நஸார்' என்று அனுப்பியதும் நான்தான். என் குறியில் செய்தால் அவருடைய கணக்கில் சேராதே.

"இந்த ஒண்ட மட்டும் என்ட பேரில போடுங்க புள்ள" என்பார். ஒவ்வொரு தடவையும் அந்த ஒன்று மட்டும்தான்.

வீட்டுக்கு யாரும் வந்தால், "நேத்து ஒரு பிரேசில்காரனப் பிடிச்சன்" என்பார். நான் பிளேன்டிக் கோப்பையை அவர் முன்னால் வைப்பேன். அவர் வேண்டுமென்று பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. கம்பி அவர் கட்டியது, கருவி அவர் திருத்தியது, குறி அவருடையது. இடையில் இருந்த கையை அவர் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உலகம் முழுக்க வானொலிக்காரர்கள் பெண் ஒருத்தியை 'இளம் பெண்' என்றுதான் குறிப்பார்கள், எண்பது வயதானாலும். மனைவி என்றால் 'முன்னாள் இளம் பெண்'. இது நான் கட்டிய கதை இல்லை. படித்த மனிதர்கள், பொறியியலாளர்கள், விஞ்ஞானிகள் வைத்த பெயர். எங்கள் ஊர் ஆண்களை மட்டும் குறை சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எல்லோருக்கும் பங்கு இருக்கிறது.

சான்றிதழ் வந்த அன்று நஸார் பிரேமில் போட்டு ஹோலில் மாட்டினார். ஊருக்கெல்லாம் புரியாணி. நான்தான் சமைத்தேன்.

இந்தப் பத்தியில் நான் போன கிழமை எழுதியதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி தொலைபேசியில் கேட்டார், உங்கள் எழுத்தில் ஏன் இவ்வளவு கோபம் என்று. எனக்குக் கோபம் இருக்கிறது, அதனால்தான். அன்பும் இருக்கிறது. இரண்டும் ஒரே ஆள் மேல் இருக்கும்போது எப்படி எழுதுவது என்று யாராவது தெரிந்தால் சொல்லித் தாருங்கள்.

காதும் வீட்டுக்குள்தான்

இத்தாவில் சில நாட்கள் அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். நஸாரின் குறியை என் பெயருக்கு மாற்றும்படி கழகமே எனக்காகக் கொழும்பு அலுவலகத்துக்கு அறிவித்துவிட்டது. நினைவு அட்டை அடிப்பதற்கு ஆள் பேசியாயிற்று. என் இத்தா முடிந்ததும் ஒரு கூட்டம் வைத்து, அதில் எனக்கு அந்தக் குறியைக் 'கையளிப்பது' என்றும் முடிவு. என்னிடம் கேட்க வேண்டியது எதுவும் மிச்சம் இருக்கவில்லை.

ஒரு நாள் லெத்தீப் சேர் அட்டையில் வரப்போகும் வாசகத்தைப் படித்துக் காட்டினார். "மறைந்தும் மறையாத கை."

பேசும் பொத்தானை அழுத்தினேன். கே என்று முடியும் என் பழைய குறியை முழுதாகச் சொன்னேன்.

"நான் றமீஸா. கேட்டுக்கிட்டுத்தான் இரிக்கிறன்."

இறக்காமத்தில் யாரோ செருமியது கேட்டது.

"தங்கச்சி..." என்றார் லெத்தீப் சேர். "நீங்க இத்தாவில இரிக்கிறீங்க. இந்த நேரத்தில..."

"ஓம் சேர். வீட்டுக்குள்ளதான் இரிக்கிறன். என்ட காதும் வீட்டுக்குள்ளதான் இரிக்கி. நீங்க கதச்ச எல்லாம் இஞ்ச வந்துதான் விழுந்த."

"நாங்க நல்லதுக்குத்தான்..."

"நல்லதெண்டா என்னட்டக் கேக்கலாமே. மகள்ட்டச் சொல்லி அனுப்பியிருக்கலாம். உங்கட வீட்டம்மாவ அனுப்பியிருக்கலாம். எனக்கு அந்தக் குறி வேணா."

"பிறகு கதைப்பம் தங்கச்சி. இன்டைக்கு இத்தோட முடிப்பம்" என்று அவர் கூட்டத்தை மூடிவிட்டார்.

மறுநாள் அஸருக்குப் பிறகு கருவியைப் போட்டேன். மழை வருமா என்று மட்டும் கதைத்தார்கள். அதற்கு மறுநாளும் மழைதான். மகள் ஹஸ்னா சொல்லித்தான் தெரியும், மற்றப் பேச்செல்லாம் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டதாம். அந்தக் குழுவில் நான் இல்லை.

மேசையில் ஒரு பிரேம்

இத்தா முடிந்த கிழமையே வந்துவிட்டார்கள். லெத்தீப் சேர், மருதமுனைக்காரர், கூட லெத்தீப் சேரின் மனைவி. மஸ்கட் இனிப்பு ஒரு பெட்டி. பெரிய பிரேம் ஒன்று. ஹஸ்னாவும் நானும் ஹோலில் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்தோம்.

பிரேமுக்குள் நஸார் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே அவருடைய குறி, கொட்டை எழுத்தில். அதற்கும் கீழே சின்னதாக: தொடர்பவர், திருமதி நஸார்.

"சேர், இதில என்ட பேரு எங்க?"

"இந்தா இரிக்கே தங்கச்சி. திருமதி நஸார்."

"அது அவர்ட பேரு."

அவருடைய மனைவி என் கையைப் பிடித்தார். "இப்படிக் கதைக்காதீங்க புள்ள. மௌத்தான மனிசன்."

"நான் ஒண்டு சொல்றன் சேர். நீங்க எல்லாரும் சொல்ற அந்தக் கை என்ட கை. அவர்ட குறியில மோர்ஸ் தட்டின நான்தான்."

லெத்தீப் சேர் புன்னகைத்தார். பிள்ளைகளைப் பார்த்துப் புன்னகைப்பது போல. "ஓம் ஓம். நீங்களும் இடைக்கிடை தட்டுவீங்க எண்டு நஸார் சொல்லியிருக்காரு."

இடைக்கிடை!

எழுந்து போய் கீயையும் பயிற்சிக்கு வைத்திருந்த சின்ன ஒலிப்பெட்டியையும் எடுத்து வந்தேன். மஸ்கட் பெட்டியைத் தள்ளிவிட்டு மேசையில் வைத்தேன். நஸாரின் குறியைத் தட்டினேன். எம், ஐ, என். அதற்குப் பிறகு எல்லோருக்கும் வழக்கமாக அனுப்பும் வணக்கம், ஊர், காலநிலை. லெத்தீப் சேருக்கு மோர்ஸ் நன்றாகத் தெரியும். பல வருஷம் அந்தக் கையை அவர் கேட்டிருக்கிறார். என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கண் கலங்கியதை நான் கண்டேன். விளங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"சுபஹானல்லாஹ்" என்றார். "அப்படியே அவர மாதிரியே பழகியிருக்கிறீங்க."

எனக்கு அந்த மேசையைப் புரட்ட வேண்டும் போல இருந்தது. உண்மையாகத்தான் சொல்கிறேன். அந்த மனிதரிடம் கள்ளம் இல்லை. கண் முன்னால் இருப்பதைக் காதாலும் கேட்டுவிட்டு, அதை எடுத்து அழகாகச் செத்தவரின் கணக்கில் எழுதிவிட்டார். இவர்களிடம் இனி எதைக் காட்டி எதை நிறுவுவது?

"பிரேமக் கொண்டு போங்க சேர். அவர்ட எழுத்து அவரோட போகட்டும். எனக்குப் புதுசா எழுத்து எடுப்பன்."

"அப்ப நஸார்ட குறிய நாளைக்கு வேற ஆரும் கேட்டு எடுத்தா?"

"எடுக்கட்டும்."

மருதமுனைக்காரர் எழும்பி நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இதுக்கா இந்த மனிசன் இந்த வீட்டுக்கு இவ்வளவு பாடுபட்டாரு" என்று எனக்குக் கேட்க வேண்டுமென்றுதான் சொன்னார்.

அவர்கள் போனதும் ஹஸ்னா அழ ஆரம்பித்தாள்.

"வாப்பாட பேரு இல்லாமப் போறது உங்களுக்குச் சந்தோஷமா உம்மா?"

அவர்கள் எல்லோரும் சொன்னதைத் தாங்கினேன். இதைத் தாங்க முடியவில்லை.

"சின்னதில அந்தச் சத்தத்தக் கேட்டுத்தான் நான் நித்திர கொள்ளுவன். வாப்பா தட்டுறாரு எண்டு நினச்சிக்கிட்டே..." அவள் முகம் மாறியது.

"உன்ன ஆரு தோள்ல போட்டு நடந்தது?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"வாப்பா" என்றாள்.

"அப்ப தட்டினது ஆரு?"

அவளுக்கு நாலைந்து வயது அப்போது. நான் கீயின் முன்னால் இருக்கும்போது அவர் அவளைத் தோளில் போட்டு ஹோலுக்கும் விறாந்தைக்கும் நடப்பார். தூங்கிய பிறகும் இறக்க மாட்டார், அவள் எழும்பினால் நான் எழுந்து போக வேண்டி வரும் என்று. அந்த நூறு நாட்டுக்கு அவர் கொடுத்தது அது. எவ்வளவு கோபத்திலும் அதை மறைக்க மாட்டேன்.

ஹஸ்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு மஸ்கட் பெட்டியைத் திறந்தாள். "என்ன எழுத்து எடுக்கப் போறீங்க?" என்று கேட்டாள்.

ஒரு நெடில் நடந்து போகிறது

எழுத்துத் தேடுவது கடையில் சீலை தேடுவது போல ஆகிவிட்டது. ஒன்றை எடுத்தால் இன்னொன்று நல்லது போலத் தெரியும்.

முதலில் என் பெயரைப் பார்த்தோம். என் பெயருக்கு முன்னால் இருக்கும் எழுத்துகள் வாப்பாவுடையவை. அவற்றை எடுத்தால் மறுபடியும் ஓர் ஆணின் பெயர்தான். ஆர் மட்டும் எனக்கென்று மிஞ்சியது. ஆர், எம், இசட் என்று என் பெயரையே சுருக்கித் தந்தாள் ஹஸ்னா. தட்டிப் பார்த்தேன். நடுவில் நான்கு நெடில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நெல் மூட்டை தூக்கியவன் நடப்பது மாதிரி இருந்தது. வேண்டாம் என்றேன்.

"உம்மா, எழுத்து எண்டா ஒரு கருத்து இரிக்க வேணாவா?"

"காதுக்கு நல்லா இரிந்தாப் போதும்."

இரண்டு மூன்று பின்னேரம் கீயோடு உட்கார்ந்தேன். கே இல்லாமல், கூட்டத்துக்குள் தெளிவாகக் கேட்கிற மாதிரி, என் மணிக்கட்டுக்கு இதமாக. கடைசியில் ஆர், எஃப், எல். மூன்றிலும் ஒவ்வொரு நெடில்தான், மற்றதெல்லாம் குறில். அந்த ஒரு நெடில் எழுத்துக்கு எழுத்து இடம் மாறி நடந்து போகும். திருப்பித் திருப்பித் தட்டினேன். அடுப்படியில் இருந்து ஹஸ்னா, "இதுதான் உம்மா" என்றாள். அவளுக்கு மோர்ஸ் தெரியாது.

விண்ணப்பித்தேன். கொழும்பில் இருந்து ஓர் அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டார். கணவரின் குறிக்குக் கழகம் என் பெயரில் கேட்டிருக்கிறதே, குடும்பத்துக் குறியை விட்டுக்கொடுக்காமல் சண்டை பிடிக்கிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன், உங்களுக்கு நிச்சயமா என்று கேட்டார். நிச்சயம் என்றேன். அவர்தான் இந்த விஷயத்தில் என்னிடம் கேள்வியாகக் கேட்ட முதல் ஆண்.

குறி வந்த செய்தி பரவியதும் லெத்தீப் சேர் கூப்பிட்டார். குரல் கொஞ்சம் இறுகியிருந்தது.

"ஆர் எஃப் எல் எண்டா என்ன தங்கச்சி?"

"ஒண்டும் இல்ல சேர்."

"ஏதாவது கருத்து இரிக்குமே."

"அது நான்தான் சேர்" என்று வைத்துவிட்டேன்.

பெயர்

அதே கிழமை ஒரு பின்னேரம், கழகத்து ஆட்கள் மழையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்த நேரம், அந்தச் சத்தத்தை முழுதாக அணைத்தேன். பெரிய கருவியைப் போட்டு, மோர்ஸ்காரர்கள் நடமாடும் இடத்துக்குத் திருப்பினேன். யாராவது இருக்கிறீர்களா என்று புதுக் குறியில் கூப்பிட்டேன். ஒரு பதிலும் இல்லை. மறுபடியும் கூப்பிட்டேன்.

மெல்லிய ஒலி ஒன்று ஏறி வந்தது. பின்லாந்துக்காரர் ஒருவர். கிழவர். நஸாரின் குறியில் எத்தனையோ தடவை அவரோடு பேசியிருக்கிறேன். அங்கே பனி என்பார், நான் இங்கே வெயில் என்பேன், அவ்வளவுதான் எங்கள் பழக்கம். என் புதுக் குறியைச் சரியாகத் திருப்பி அனுப்பி, நன்றாகக் கேட்கிறது என்றார்.

அடுத்து வந்தது நஸாரின் குறி. பின்னால் ஒரு கேள்விக்குறி.

நான் இன்னும் பெயர் சொல்லவில்லை. ஊர் சொல்லவில்லை.

அவர் தொடர்ந்தார். 'இந்தக் கையை எனக்குத் தெரியும். நீங்கள் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். அன்று எனக்கு மிகவும் கவலையாக இருந்தது.'

'நஸார் இறந்தது உண்மை' என்று அனுப்பினேன். 'அவர் என் கணவர்.'

'அப்படியென்றால் இத்தனை வருஷமும் என்னோடு பேசியது யார்?'

ஹஸ்னா கதவடியில் வந்து நின்றாள். நான் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

'நான்' என்று அனுப்பினேன்.

'பெயர்?' என்று கேட்டார்.

றமீஸா என்று தட்டினேன். நல்ல தெளிவாகத்தான் தட்டினேன். அவர் அதை எழுத்து எழுத்தாகத் திருப்பி அனுப்பினார், ஒரு பிழையும் இல்லை. பிறகு, இன்னொரு தடவை அனுப்புங்கள் என்று கேட்டார்.